உங்கள் பால்கனிக்குக் கீழே

ரவாங்கில் மாட்டிக்கொண்டவருக்கு,

"ரோட்டை அடைச்சிட்டாங்க லா, அம்மா வீட்டிலேயே இருக்கேன்" என்று எம்சிஓ ஊரடங்கு முழுக்கச் சொன்னீர்கள். நம்பினேன்.

சுற்றுலாக்காரர்கள் வரமுடியாததால் பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் நான் தனியாக நடந்து, கைப்பேசியில் அவர்களுக்கு நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். லண்டனிலிருந்து பார்த்த ஆன்டிதான் கேட்டார்: "மாடியில சேலை காயப்போடுறது, போன வருசம் எங்களைக் கூட்டிட்டுப் போன உங்க வீட்டுக்காரர்தானே?"

அது என் சேலை இல்லை. நம் வீட்டில் நீங்கள் ஒரு கைக்குட்டைகூடக் காயப்போட்டதில்லை.

இப்போது மறுபடியும் ஆட்களோடு நடக்கிறேன். ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் அந்தப் பால்கனிக்குக் கீழே நிறுத்தி, இந்தக் கதையை முழுதாகச் சொல்கிறேன். எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

சனிக்கிழமை அந்தச் சேலையையே காயப்போடுங்கள். படமெடுக்கக் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
சட்டப்படி இன்னும் உங்கள் மனைவி