திறந்து வைத்த நோட்டு

பிப்ரவரி 4

முன்னோட்டமாக இருபது செய்திகளுக்குக் குறி போட்டுப் பார்த்தோம். ஆலை விபத்துச் செய்தி ஒவ்வொன்றும் யார் மேல் பழி போடுகிறது என்று பார்க்க வேண்டும். தொழிலாளி மேல் என்றால் 1, நிர்வாகம் 2, இயந்திரம் 3, யார் மேலும் இல்லை என்றால் 4. நானும் என் ஆய்வுக் கூட்டாளி சுருட்டையும் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாகக் குறிக்க வேண்டும். குறித்து முடிக்கும்வரை அதைப் பற்றி ஒருவரிடம் ஒருவர் மூச்சு விடக் கூடாது. இருவர் குறியும் எவ்வளவு ஒத்துப்போகிறதோ, ஆய்வுக்கு அவ்வளவு மதிப்பு.

இருபதுக்கு இருபதும் ஒத்துப்போனது. பேராசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "என்ன, ஒருத்தியைப் பாத்து ஒருத்தி எழுதிட்டீங்களா?" என்றார். சுருட்டை விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் பார்த்து எழுதவில்லை. அப்படியென்றால்?

பிப்ரவரி 6

அப்பாவிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன். "பால்காரர் தண்ணி கலக்கலைன்னு சத்தியம் பண்ணாலும், ஏன் சத்தியம் பண்றார்னு யோசிப்பே நீ" என்றார். மூன்று விரல் கையால் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவரால் எதையும் சிரித்துச் சொல்ல முடிகிறது. மற்ற இரண்டு விரல்களை இயந்திரம் வாங்கிக்கொண்ட மறுநாள் செய்தித்தாளில் வந்தது இரண்டே வரி. "தொழிலாளியின் கவனக்குறைவால்." அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன். இதில் ஒருத்தி காப்பி அடித்துக் கெடுத்தால் சும்மா விடமாட்டேன்.

பிப்ரவரி 9

நூலகத்தில் பழைய நாளிதழ்க் கட்டுகள் இருக்கும் அறை. ஒரே நீள மேசை, நான் இந்த முனை, அவள் அந்த முனை. மொத்தம் நூற்று இருபத்து நான்கு செய்திகள். அவள் முழங்கையால் தாளை மறைத்துக்கொண்டே எழுதுகிறாள். நான் நிமிர்ந்தால் குனிந்துகொள்கிறாள். மடியில் கனமில்லாதவள் எதற்கு மறைக்க வேண்டும்?

பிப்ரவரி 11

டீ குடிக்கப் போகும்போது நோட்டைத் திறந்தபடி விட்டுப் போனேன் — வேண்டுமென்றேதான். திரும்பி வந்தால் மூடியிருந்தது. பேனா அதன் மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

மாட்டினாள்.

பிப்ரவரி 12

ஐந்து செய்திகளுக்குத் தப்பான குறியை மையில் எழுதினேன். சரியான குறிகள் ஒரு துண்டுச் சீட்டில், என் பர்ஸில். இந்த ஐந்தும் அவள் தாளிலும் இதே தப்போடு வந்தால் வேறு சாட்சி வேண்டாம். நோட்டைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போனேன்.

பிப்ரவரி 13

இன்றும் மூடியிருந்தது.

பிப்ரவரி 20

இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவளே அட்டவணையைத் தட்டச்சு செய்தாள். எட்டு இடங்களில்தான் வேறுபாடு. அதில் ஐந்து நான் வைத்த கண்ணி. ஐந்திலும் அவள் சரியாகக் குறித்திருக்கிறாள்.

அவள் பார்க்கவே இல்லை. என்னைப் போலவே படிக்கிறாள், அவ்வளவுதான். வீட்டில்கூட என் பேச்சுக்கு ஒத்துப்போகிற ஆள் கிடையாது. இப்படி ஒருத்தி இருப்பாள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

"தொண்ணூத்தி நாலு சதவீதம்டி! நாம ரெண்டு பேரும் ஒரே மண்டை" என்று என் தலையில் தட்டினாள்.

பிப்ரவரி 21

ஒத்துப்போகாத இடத்தில் முதல் குறிப்பாளரின் குறியே நிற்கும் — இது விதி. முதல் குறிப்பாளர் நான். விதியும் நான் சண்டை போட்டு வாங்கியது. ஆகவே என் ஐந்து பொய்களும் அட்டவணையில் ஏறிவிட்டன. திருத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். என்ன சொல்வேன்?

நூற்று இருபத்து நான்கில் ஐந்து. யார் பார்க்கப் போகிறார்கள்?

மார்ச் 2

பார்த்தார்கள்.

ஆய்வை வாசித்த கருத்தரங்கின் முன்வரிசையில் ஒரு துணை ஆசிரியர். நாங்கள் ஆராய்ந்த அதே நாளிதழிலிருந்து பேராசிரியை அழைத்து வந்திருந்தார். நான் பேசி முடித்ததும் அவர் எங்கள் பின்னிணைப்பைப் புரட்டினார்.

"நாப்பத்தேழு. கொதிகலன் வெடிச்ச செய்தி. தொழிலாளி மேல பழின்னு போட்டிருக்கீங்க. எழுதினது நான்தான்மா. முதல் வரியைக் கொஞ்சம் படிங்க."

படித்தேன். "ஓராண்டாகப் பழுதுபார்க்கப்படாத கொதிகலன்..."

"மிச்சமும் இந்த லட்சணம்தானா?"

வாயைத் திறக்க வேண்டியவள் நான். சுருட்டை மைக்கை வாங்கினாள். "சார், அட்டவணை தட்டச்சு செஞ்சது நான். என்னோட கவனக்குறைவு."

கவனக்குறைவு. அந்தச் சொல்லேதான். அதை அவள் தன் மேல் போட்டுக்கொண்டாள், நான் மரம் மாதிரி நின்றேன். அப்பாவைப் பற்றி அந்த இரண்டு வரி எழுதியவரை எத்தனை வருடம் திட்டியிருப்பேன்! அவராவது தெரியாமல் எழுதியிருக்கலாம்.

மார்ச் 3

காலையிலேயே என் நோட்டோடு வந்தாள். "உன் நோட்டுலயே நாப்பத்தேழுக்கு 1னுதான் இருக்கு. நீ அப்படிப் படிக்கிற ஆளே இல்லையே. என்னாச்சுடி?"

சொல்லிவிட்டேன். பர்ஸிலிருந்த சீட்டையும் எடுத்துக் காட்டினேன். அழுதேன், அதனால் என்ன ஆகிவிடப் போகிறது?

சீட்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு, "நோட்டு தொறந்து கிடந்துச்சு. என் கண்ல படக் கூடாதேன்னு மூடி வச்சேன்" என்றாள். பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 4

பேராசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நூற்று இருபத்து நான்கையும் முதலிலிருந்து செய்யச் சொன்னார். இருவரும்.

மார்ச் 7

"நீ ஜன்னல் பக்கம் உக்காந்துக்கோ. நான் அடுத்த ரூம்ல இருக்கேன்" என்றாள். 'டி' போடவில்லை.

மார்ச் 19

இந்தப் பன்னிரண்டு நாளும் என் நோட்டு மேசை மேல் திறந்தே கிடந்தது. யாரும் மூடவில்லை.

இன்று குறிகளை ஒப்பிட்டோம். எண்பத்திரண்டு சதவீதம். நான் 2 போட்ட பல இடங்களில் அவள் 4 போட்டிருக்கிறாள். யார் மேலும் பழி இல்லையாம். பேராசிரியைக்கு மிகுந்த திருப்தி. தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "இப்பதான் நம்புற மாதிரி இருக்கு."