பேக்கரிக்கு முந்தின ஸ்டாப்

இன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினதும் அந்த வாசனை வந்தது. எந்த வாசனை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பிலிருந்து தட்டை வெளியே இழுக்கும்போது தேங்காய்ப்பூவும் வெண்ணெயும் சேர்ந்து வருமே, அதுதான். வட்டமாகச் சுட்டு, முக்கோணமாக வெட்டி, சூடு ஆறுவதற்குள் பேக்கரிக்காரன் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிவிடுவான். தில்பசந்து.

நான் வீட்டுப் பக்கம்தான் திரும்பினேன். திரும்பினது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்புறம் பார்த்தால் கையில் காகிதம், காகிதத்தின் மேல் தில்பசந்து. நடுவில் நடந்த பத்தடி எனக்கு ஞாபகம் இல்லை. எதையும் மறக்காதவள் என்று பேரெடுத்தவள் நான். டயர் கடைச் சந்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு தின்று முடித்தேன். முந்தானையால் வாயைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. இதே சுவர். இதே மாதிரி முகத்தைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு நீ நின்றாய். ரோட்டில் நின்று அதைப் பார்த்தவள் நான்.

எனக்கும் சக்கரை என்று சொல்லி எட்டு மாதம் ஆகிறது. நீ இருந்திருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருக்க மாட்டேன். அந்த வெட்கத்தோடுதான் பேத்தியின் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாவது வரைக்கும் படித்த எழுத்து இது. உனக்குத் தமிழ் படிக்க வராது, பஸ் போர்டைக்கூட நான்தான் படித்துச் சொல்வேன். இதை யார் உனக்குப் படித்துச் சொல்வார்களோ தெரியவில்லை.

ரோஜா கம்பெனிக்கு நீ வந்த முதல் நாளே எனக்கு உன் மேல் கோபம். வெயில் சீக்கிரம் ஏறாத ஓரத்து வரிசையில் நான் நான்கு வருடமாகப் பூ வெட்டிக்கொண்டிருந்தேன். அதில் உன்னை நிறுத்தினார்கள். நீ கேட்டு வாங்கவில்லை என்று தெரியும். தெரிந்தும் இருபது நாள் உன் முகத்தைப் பார்க்கவில்லை. இருபத்தோராம் நாள் நீயே வந்து கத்தரியை நீட்டினாய்.

"வதினா, உங்க வரிசையில நின்னு பூ வெட்டறது மாமியார் வீட்டுல உக்காந்து சாப்பிடற மாதிரி இருக்குது. எறங்கவே மாட்டேங்குது. நீங்களே வெச்சிக்குங்க."

அண்ணன் பெண்டாட்டியை உங்கள் தெலுங்கில் வதினா என்பீர்கள். என் வீட்டுக்காரருக்குக் கூடப் பிறந்தவள் யாரும் இல்லை. அன்றைக்கு எனக்கு ஒரு நாத்தனார் கிடைத்தாள்.

அப்புறம் கம்பெனியில் கேம்ப் போட்டு எல்லோருக்கும் விரலில் குத்திப் பார்த்தார்கள். உனக்குச் சக்கரை ஏகத்துக்கும் இருந்தது. காவேரிப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்திருந்த உன் மகள் போனில் அழுதாள். "அத்தை, நீங்கதான் எங்கம்மாவப் பாத்துக்கணும்" என்றாள். சரி என்றேன். பார்த்துக்கொள்வது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒன்று விடாமல் ஞாபகம் வைத்துக்கொள்வது.

உகாதிக்கு, நீ ஒப்பட்டு என்கிற போளி இரண்டு. சூப்பர்வைசர் மகனுக்குப் பேர் வைத்த அன்றைக்கு லட்டு, கையுறைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போனது. மழை பெய்த புதன்கிழமை தில்பசந்து ஒன்று, மறுநாள் பாதி. மீதிப் பாதியை நாய்க்குப் போட்டேன் என்றாய். "எந்த நாய்டி, வந்து சாட்சி சொல்லுமா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் கணக்கிலிருந்து அந்தப் பாதியைக் கழிக்கவில்லை.

"நான் இருபது வருஷத்துப் பொகையிலைய ஒரே நாள்ல விட்டவ. மனசு வெச்சா முடியாதா? உனக்கு வைராக்கியம் இல்ல, அவ்வளவுதான்." இதை உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! உன்னிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. புகையிலையை விட்ட அந்த மாதம் எனக்கு மூன்று பல் பிடுங்கியிருந்தார்கள். துளி பட்டாலும் உயிர் போகிற எரிச்சல். எரிச்சல் அடங்கின போது பழக்கம் தானாகவே போயிருந்தது. அதற்கு வைராக்கியம் என்று நான் பேர் வைத்துக்கொண்டேன். அந்தப் பேரைத்தான் உன் தலையில் ஓயாமல் போட்டு இடித்தேன்.

நீ ஒரு தடவை பதில் சொன்னாய். "காலையில மனசு நல்லாத்தான் இருக்குது வதினா. களி தின்னுட்டு, மாத்திரை போட்டுக்கினு, ராணி மாதிரி பஸ் ஏறறேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு எறங்கறப்ப அந்த ராணி எங்க போறாளோ தெரியல. எறங்கறது வேற எவளோ."

நான் அதற்கு உதட்டைப் பிதுக்கினேன்.

அதே பேச்சோடு நீ கேட்டதையும் எழுதிவிடுகிறேன். இதைத்தான் எழுத உட்கார்ந்தேன், இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன். "வதினா, நாம தண்ணி டேங்க் ஸ்டாப்லயே எறங்கிடலாமா? பின்னாடி தெரு வழியா நடந்து போயிடலாம். நம்ம ஸ்டாப்புல பேக்கரி இருக்குது வதினா. அது மூக்குல ஏறிட்டா என்னால முடியல. தனியா எறங்க எனக்கு மனசு வராது. நீங்களும் எறங்கினா நானும் எறங்கிடுவேன்."

நீ கேட்டது அவ்வளவுதான். என்னை நடக்கச் சொன்னாய், பத்து நிமிட நடை. "உன் நாக்குக்கு நான் எதுக்குடி முட்டி தேய நடக்கணும்? எறங்கு, வாசனை வரட்டும், மூக்கைப் புடிச்சிக்கினு வா. அதுதான் வைராக்கியம்" என்று பஸ் பூராவும் கேட்கிற மாதிரி சொன்னேன். அதற்கப்புறம் நீ அதைக் கேட்கவே இல்லை.

அதோடு விட்டேனா? தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நம் லைன் வீட்டு முனையில் இருக்கிற மாரியம்மன் கோயிலில் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தினேன். தட்டில் கற்பூரம் எரிந்தது. "இனிமே இனிப்பு தொட மாட்டேன்னு சொல்லி அணைச்சிடு" என்றேன். எங்கள் ஊரில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. மீறினால் சாமி பார்த்துக்கொள்ளும் என்று பெரியவர்களே நடுங்குவார்கள். உன் கை அந்த நெருப்புக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் கண்ணை எடுக்கவில்லை. அணைத்தாய்.

பதினோரு நாள் இருந்தாய். அந்தப் பதினோரு நாளை நான் யாரிடமும் சொன்னதில்லை. பன்னிரண்டாம் நாளைத்தான் சொன்னேன். வெளிநாட்டுக்குப் போகிற பூவுக்கு அவசரமான வாரம் அது. விடியக் கருக்கலில் கொட்டகைக்குள் போனால் உட்காரக்கூட விடமாட்டார்கள். நாள் முழுக்க நின்ற காலோடு பஸ் ஏறினோம். இறங்கினதும் "நீங்க போங்க வதினா, நான் சோப்பு வாங்கியாறேன்" என்றாய். நான் போகவில்லை. சந்துக்கு எதிரே நின்று பார்த்தேன். அந்த இடத்திலேயே வந்து உன் கையைப் பிடித்திருக்கலாம். மறுநாள் டீக்கு விடும் வரை பொறுத்திருந்தேன், நாலு பேர் இருக்கட்டும் என்று.

"எல்லாரும் கேளுங்கடி. சாமி முன்னாடி கற்பூரம் அணைச்சவ, நேத்து டயர் கடைச் செவுத்துக்குத் தில்பசந்து ஊட்டினா" என்றேன். ஒப்பட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாள் தவறவில்லை, கிழமை தவறவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். கெலமங்கலத்துக்காரி ஒருத்தி எழுந்து சுவரைப் பார்த்துத் தின்கிற மாதிரி நடித்துக் காட்டினாள். நீ டீயைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வரிசைக்குப் போனாய். நடித்துக் காட்டினவளோடு இன்று வரைக்கும் நான் பேசுவதில்லை. அவள் நடித்த ஆட்டத்துக்குக் கதை சொன்னவளோடு மட்டும் தினமும் பேசிக்கொண்டு, ஒரே பாயில் படுத்து எழுந்திருக்கிறேன்.

பிறகு ஒரு நாள் நீ காலுறை போட்டுக்கொண்டு வந்தாய். "என்னடி, பெங்களூரு மேடமா ஆயிட்ட?" என்றேன். "பனி வதினா, வெடிப்பு" என்றாய். எட்டு நாள் அந்தக் காலுறையோடு வந்தாய். ஒன்பதாம் நாள் பூங்கட்டு கையிலிருக்க அப்படியே சாய்ந்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் காலுறையைக் கழற்றினபோது நாற்றம் வந்தது. பாதம் கருத்திருந்தது. வெட்டிப் போட்ட ரோஜாக் கிளையை மிதித்து, செருப்பைத் தாண்டி ஏறின முள்.

மருந்து மயக்கத்தில் இருந்தாலும் நீ தெளிவாகத்தான் பேசினாய். "குத்தின அன்னைக்கே உங்ககிட்ட காட்டணும்னு வந்தேன் வதினா. வாசப்படி வரைக்கும் வந்தேன். சத்தியத்த மீறினதுக்கு ஆத்தா குடுத்த தண்டனைன்னு சொல்லுவீங்களேன்னு திரும்பிட்டேன்."

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யாக இருந்திருக்கும். அப்படித்தான் சொல்லியிருப்பேன். வார்த்தைகூட மாறியிருக்காது. காலை எடுத்தும் விஷம் மேலே ஏறிவிட்டது என்றார்கள். ஆறு நாள் இருந்தாய். உன் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டு "நீங்க எவ்ளோ பாத்துக்கினீங்க அத்தை" என்று அழுதாள். அவளிடம் இதுவரைக்கும் சொல்லவில்லை.

இன்றைக்குச் சந்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் மருமகள் என் ரவிக்கையில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவைப் பார்த்தாள். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம், உனக்குத் தெரியும். இன்றைக்குத் தொலைந்தோம் என்று நின்றேன். அவள் அதைத் தட்டிவிட்டு, "அத்த, நாளைக்குச் சாயங்காலம் பையில கொஞ்சம் பொரிகடலை போட்டு உடட்டுமா? எறங்கறதுக்கு முன்னாடி சாப்பிட்டுருங்க, பசியோட எறங்காதீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உனக்கு ஒரு பிடி பொரிகடலை கொடுக்க எனக்குத் தோன்றவில்லையே. மேலே எழுத முடியாமல் நோட்டை மூடி வைக்கிறேன்.

இது மறுநாள் எழுதுவது.

இப்போது எனக்கு பேக்கிங்கில் உட்கார்ந்து பூ பிரிக்கிற வேலை. காலையில் கம்பெனிக்குப் போகும்போது இன்றைக்குத் தொட மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அந்த நினைப்பைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. காலையில் பஸ் ஏறுகிற ராணி நினைக்கிறது அது. சாயங்காலம் இறங்குகிறவளை நான் நேற்றுத்தான் பார்த்தேன். அவளை நம்ப முடியாது.

அதனால் சாயங்காலம் பஸ் ஏறினதும் பொரிகடலையை மென்றுகொண்டே கண்டக்டரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, என்னைத் தண்ணி டேங்க் ஸ்டாப்புல எறக்கி உட்டுரு. நான் எறங்க மாட்டேன்னு சொன்னாலும் எறக்கி உட்டுரணும். தெனமும்."

"ஏம்மா, உங்க வீடு அடுத்த ஸ்டாப்பு தான? தெனம் அங்கதான எறங்குவீங்க?"

பஸ்ஸில் நம் கம்பெனிப் பெண்கள் இருந்தார்கள். கெலமங்கலத்துக்காரியும் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்தாள். முட்டி வலி, நடந்தால் நல்லது என்றார்கள், இப்படி எதையாவது சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அன்றைக்கு இதே பஸ்ஸில் நீ எந்தக் குரலில் கேட்டாய் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சின்னக் குரல். நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"அந்த ஸ்டாப்புல பேக்கரி இருக்குதுப்பா. என்னால முடியல."