உன் அப்பா வைவதை விட்டுவிட்டார்

அனுமந்தன்பட்டி

அன்பு மகன் திலீபனுக்கு அம்மா முத்துப்பேச்சி எழுதுவது. இங்கே நானும் மாடும் திராட்சைக் கொடியும் சுகம், நீ சுகமாய் வீடியோ போடுவதைத்தான் தினமும் ஊரே போனில் பார்க்கிறதே, அதனால் கேட்கவில்லை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். பேசினால் அதையும் பதிந்து போட்டுவிடுவாய், அதனால்தான்.

பொங்கலுக்கு வந்தவன் அப்பா பின்னாலேயே தோட்டத்தில் சுற்றியபோது, பிள்ளைக்கு விவசாயத்தில் ஆசை வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன் பார், என்னைச் சொல்லணும். அவர் மயிலை வைதது, கரண்டுக்காரரை வைதது, ஏலே, மோட்டார அமத்த ஒனக்கொரு ஆளு போடவா என்று உன்னை வைதது, எல்லாவற்றையும் திருட்டுத்தனமாக வீடியோ எடுத்து, வசவு அப்பா என்று பேர் வைத்து, மாதக்கணக்காய்ப் பெங்களூரிலிருந்து போட்டிருக்கிறாய். உன் சித்தி மகள் அனுஷ்கா காட்டித்தான் எனக்கே தெரியும். கேட்டதற்கு என்ன சொன்னாய்? மொதல்ல ஆள் சேக்கணும்மா, பெறகுதான் சரக்க எறக்கணும், இப்ப ரெண்டு லட்சம் பேரு இருக்காக, அடுத்த மாசம் நம்ம திராட்சை ஜூஸ எறக்குறேன், பாட்டில்ல அப்பா படம் என்றாய். அடேயப்பா, ஆள் சேர்க்க உனக்குப் பெத்த தகப்பன்தான் கிடைத்தாரா, உன் முகத்துக்கு என்ன கேடு?

நீ சேர்த்த ஆட்கள் செய்ததைக் கேள். போன வாரம் பைக்கில் வந்த பையன்கள் வேலியைத் தாண்டி, சொட்டுநீர்க் குழாயை வேண்டுமென்றே மிதித்துப் பிடுங்கிவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வசவு அப்பா, ஒரு தடவ வையுங்க, ஒங்க மகன் ஜூஸ நாங்க வாங்குறோம் என்றான்கள். அப்போதுதான் உன் அப்பாவுக்கு விஷயமே தெரிந்தது. கையில் மண்வெட்டி, ஓங்கிவிடுவாரோ என்று நான் ஓடினேன். அவர் வையவே இல்லை. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டு, வீட்டுக்கு நடந்துவிட்டார்.

அன்றைக்கு மூடிய வாய்தான் திலீபா. கம்பத்துத் திராட்சை வியாபாரியை வைது வைதே விலையை ஏற்றுகிற மனுஷன், அந்த வியாபாரி கேட்ட விலைக்குத் தலையாட்டிவிட்டார். அப்போதாவது வைவாரா என்று உப்பே போடாமல் குழம்பு வைத்தேன், பேசாமல் தின்றுவிட்டுக் கை கழுவினார். அவர் வைகிறது நமக்கு, நம்மேல் வைத்த பாசத்தில், ஊர்க்காரன் சிரிக்க இல்லை.

ஒழுங்காக எல்லாவற்றையும் அழி. பாட்டிலில் உன் மூஞ்சியை ஒட்டிக்கொள். அந்தப் போனை அங்கனயே வைத்துவிட்டு வா. வந்து, மோட்டாரைப் போட்டுவிட்டு அமத்தாமல் விடு. தொட்டி நிரம்பி வழியட்டும், அவர் வாயைத் திறந்து உன்னை வையட்டும், நான் அடுப்படியிலிருந்து கேட்கணும்.

கருப்பசாமி உனக்கு நல்ல உடம்பையும் கொஞ்சம் புத்தியையும் கொடுக்கட்டும். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. இந்தக் கடிதத்தைப் படம் எடுத்துப் போட்டாயோ, அப்புறம் நானும் பேசமாட்டேன்.

உன்னைப் பெற்ற பாவத்துக்கு,
முத்துப்பேச்சி