பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வரை

ஜனவரி 6
எங்கள் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் காலாண்டு அட்டவணை முடிந்தது. எச்.ஐ.வி. புதிய தொற்று, பிரிவு வாரியாக. கர்ப்பிணிகள் குறைவு. லாரி ஓட்டுநர்கள் குறைவு. ஊசியில் போதை ஏற்றிக்கொள்பவர்கள் அதிகம். வயது வரிசை 15-இல் தொடங்கி 49-இல் நிற்கும். அதற்கு மேல் எல்லோரும் ‘மற்றவை’. அதுவும் மூன்று காலாண்டாக ஏறுகிறது. மேலாளரிடம் காட்டினேன். “ரிட்டயர் ஆனவங்களுக்கு இதெல்லாம் எங்கேம்மா வரும்? தப்பா எழுதி அனுப்பியிருப்பாங்க, விடு.” விட்டேன்.

பிப்ரவரி 9
அப்பாவுக்கு பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருக்கிறார். “ஸ்லிம் ஆயிட்டேன் பாத்தியா? இனி எனக்குப் பொண்ணு பாக்க வேண்டியதுதான்.” அறுபத்தாறு வயது. முப்பத்தைந்து வருஷம் பஸ் கண்டக்டர். அம்மா போய் ஆறு வருஷம். சிரித்து வைத்தேன்.

மார்ச் 20
அப்பாவுக்குச் சர்க்கரை இல்லை. காசநோய் இல்லை. வாய் வழியாகக் குழாய் விட்டும் பார்த்தாயிற்று. நாக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. “வயசாச்சுல்ல, எதிர்ப்புச் சக்தி குறையத்தான் செய்யும்” என்றார் டாக்டர். நானும் தலையாட்டினேன். வயசுதான். வேறென்ன?

ஏப்ரல் 6
அட்டவணை. ‘மற்றவை’ இன்னும் ஏறியிருக்கிறது. கையெழுத்துக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 11
காய்ச்சல் விடவில்லை, அப்பாவை அட்மிட் செய்தோம். வார்டு நர்ஸ் கேஸ் ஷீட்டைப் புரட்டினாள். “எச்.ஐ.வி. டெஸ்ட் யாரும் எடுக்கவே இல்லையே. எடுக்கலாமா?”
“அவருக்கு அறுபத்தாறு வயசு” என்றேன். மேலாளர் பேசுவது போலவே இருந்தது.
அப்பா “எடும்மா” என்று கையை நீட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 13
பாசிட்டிவ். எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 எண் 41. இருநூறுக்குக் கீழே போனால் ஆபத்து — அட்டவணையில் இந்த அடிக்குறிப்பை எழுதுவதே நான்தான். அழுகை வரவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். துணி காயப்போட்டேன்.

ஏப்ரல் 15
அப்பாவே சொன்னார். மாடி வீட்டு டெய்லரம்மா. நாலு வருஷமாம். “துணி தைக்கக் குடுக்கப் போறேன்னுதானே நினைச்சே?”
ஆமாம். அப்படித்தான் நினைத்தேன். நாலு வருஷத்தில் ஒரு மனிதனுக்கு எத்தனை சட்டை தைப்பார்கள்?
கோபமா வருது. யார் மேலன்னு தெரியல. அவர் சொல்லல, சரி. நான் கேட்டேனா? ஒம்பது வருஷமா இதே வேலை. கண்ணு முன்னாடி எண் ஏறுச்சு, பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேனே — அது என் வீட்டுலயும் இருக்கும்னு ஏன் உறைக்கல?
“அவகிட்ட நீ சொல்லிடறியா?” என்று கேட்டார். நீங்கதான் சொல்லணும் என்றேன். “டிக்கெட் டிக்கெட்னு கத்தின வாய். இதுக்கு வரமாட்டேங்குது” என்றார். அவர் சொல்லாமல் விட்டால் அந்தம்மாவும் இப்படித்தான் இளைத்துப் போவார்.

ஏப்ரல் 24
சொல்லிவிட்டார். டெய்லரம்மாவுக்கும் பாசிட்டிவ். அறுபத்தொன்று. யாரிடமிருந்து யாருக்கு என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மே 2
அப்பா வீட்டுக்கு வந்தாயிற்று. மாத்திரை, ஒரு நாள்கூடத் தவறாமல். நான் எதையும் உணரவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

ஜூலை 5
அட்டவணை. ‘மற்றவை’யை அடித்துவிட்டு ‘50-க்கு மேல்’ என்று தனியாக ஒரு வரிசை போட்டேன்.
“யார் கேட்டாங்கன்னு இதைப் போட்டே?” என்றார் மேலாளர்.
“யாரும் கேக்கல சார். அதனாலதான்.”
கையெழுத்துப் போட்டார். அந்த வரிசையில் முப்பத்தேழு பேர். அதில் இருவரை எனக்குத் தெரியும்.
வீட்டுக்கு வந்தால் அப்பா இல்லை, மாத்திரை டப்பாவும் இல்லை. மேஜையில் சீட்டு: ‘மாடியில் இருக்கிறேன். எட்டு மணிக்கு ரெண்டு பேரும் மாத்திரை போடணும். பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தியாச்சு, இன்னும் ஒண்ணு பாக்கி.’
நின்றபடியே அழுதேன். ஏப்ரலில் பாசிட்டிவ் என்று தெரிந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.