பெரிய கணக்கப்பிள்ளையின் பிரியாவிடையும் சலவை நீலமும்

தெமோதரை
14.07.1998

அன்பு மகள் ஜெயமலருக்கு,

நானும் அம்மாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம். குவைத் வெயில் உன்னை வாட்டாதிருக்க முருகனை வேண்டுகிறோம். எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் முதலிலேயே வரிசைப்படுத்துகிறேன்.

1. உன் அண்ணன் இராசையாவின் உடல்நிலை.
2. தேயிலைத் தோட்டத்துப் பெரிய கணக்கப்பிள்ளை அறியாமையால் செய்தவர், கெட்டவரல்லர் என்பது.
3. அப்படியிருந்தும் நான் அவருக்குச் செய்தது.
4. உனக்கு ஒரு வேலை.

அண்ணனுக்கு இப்போது லயத்து வீட்டுப் படி ஏறவே மூச்சுப் போதவில்லை. பதுளை டாக்டர் நெஞ்சுப் படத்தைப் பார்த்து, நுரையீரல் தழும்பேறிச் சுருங்கிவிட்டது, புல்லுக்கு அடிக்கும் மருந்தால்தான் வந்திருக்க வேண்டும், இனித் திரும்பாது என்றார். நகங்கள் விழுந்ததும் மூக்கில் இரத்தம் வந்ததும் உனக்குத் தெரியும். ஒழுகுகிற மருந்து டாங்கியை முதுகில் சுமந்தவன் அவன். கையுறை கேட்டதற்குப் பெரிய கணக்கப்பிள்ளை, "மருந்துதானடா, வெஷமா? பூ மாதிரி கைய வச்சிக்கிட்டு பொஞ்சாதிக்குத் தல பின்னவா போற?" என்று எல்லோர் முன்னும் சிரித்தாராம். பாவம், போத்தலில் இருந்த இங்கிலீஷ் அவருக்குப் புரிந்திராது என்று இத்தனை காலமும் வாதாடினேன். "ஒங்களுக்குப் பயம், அதுக்கு ஒரு நியாயம் வேற" என்பாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பிரியாவிடை. வாழ்த்துரை வாசிக்க, வாத்தியார் என்று என்னையே கூப்பிட்டார்கள், வாசித்தேன். பிறகு, மருந்தடிப்பவர்களோடு ஒரு புகைப்படத்துக்கு அண்ணனின் பழைய டாங்கியை மாட்டிக்கொண்டு நிற்கக் கேட்டேன். "வாத்தியாரு கேட்டா மாட்டாம இருக்க முடியுமா?" என்று மாட்டிக்கொண்டார். அதைப் பலமுறை கழுவி, தண்ணீரில் அம்மாவின் சலவை நீலத்தைக் கரைத்து ஊற்றி வைத்தவன் நான். முதலில் என் கையில் தடவியும் பார்த்தேன். அந்த மருந்தும் நீலம்தானே. வெள்ளைச் சட்டையில் நீலம் இறங்கியதும், "கழட்டுங்கடா! சோப்பு கொண்டாங்க! தோலுக்குள்ள எறங்குனா நெஞ்சு அடைச்சிரும்டா!" என்று அலறிக்கொண்டு பீலிக் குழாயில் விழும் தண்ணிக்கு ஓடினார். அண்ணி அங்கம்மா சிரிக்காமல், "மருந்துதானுங்களே ஐயா" என்றாள். எனக்கு இரக்கமே வரவில்லை மகளே, இன்னொரு டாங்கி ஊற்ற வேண்டும் போலிருந்தது.

அவர் அலறியதைக் கேட்டவர்கள் சாட்சி சொல்லச் சம்மதித்திருக்கிறார்கள். அந்த மருந்து நுரையீரலை என்ன செய்யும் என்று நீ வேலை செய்யும் ஆஸ்பத்திரி டாக்டரிடம் எழுத்தில் வாங்கி அனுப்பு, வழக்குப் போடுவேன். மறந்துவிடாதே. நீயும் கையுறை இல்லாமல் கிருமிநாசினியைத் தொடாதே. எல்லா நலமும் பெற்று நீடு வாழ்வாய்.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. தண்ணீர் பட்ட உடனே சோப்புக் கேட்டான், தோலுக்குள் இறங்கும் என்றான், நெஞ்சு என்றான். எல்லாம் தெரிந்தே என் பிள்ளையை அனுப்பியிருக்கிறான். மேலே இரண்டாவதாக எழுதியது பிழை.

உன் அப்பா,
வே. மருதமுத்து