இஸ்திரி அண்ணன் நீந்தினார்

பாப்பாவின் அம்மாவுக்கு அன்பும் முத்தமும்.

நான் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நாலு நாளாகப் போன் வரவில்லை என்று பயந்திருப்பாய். போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டு மாதம் முன்பு எங்கள் சலவைக்கூடத்துக்கு, வாழ்க்கையில் முன்னேறப் பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மா வந்தார். "ரொம்ப நாளா தள்ளிப்போட்டுட்டு வர்ற ஆசை ஒண்ணு சொல்லுங்க" என்றார். ஐம்பத்தாறு வயது இஸ்திரி அண்ணன் எழுந்து, "எனக்குத் தண்ணின்னா பயம். நீச்சல் கத்துக்கணும்மா" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மனிதர் மறு ஞாயிறே நீச்சல் குளத்தில் சேர்ந்துவிட்டார். ஆறு வயதுப் பிள்ளைகளோடு நின்று, மூக்கு வழியாகத் தண்ணீர் குடித்துக் கற்றார். இந்த ஞாயிறு வேடிக்கை பார்க்கப் போனேன். சுவரை விட்டுவிட்டு எதிர்க்கரைக்கு நீந்தியே போய்விட்டார்! "டேய் தம்பி, ஒரு தடவகூடக் கால ஊனலடா!" என்று கத்தினார். கைதட்டிக் குதித்ததில் வழுக்கி, சட்டைப்பையில் இருந்த போனோடு நானும் உள்ளே விழுந்தேன். இடுப்பளவுத் தண்ணீர்தான், பயப்படாதே.

அன்றிலிருந்து உன் நினைவுதான். ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று நீ கேட்டபோதெல்லாம் "உனக்கெதுக்கு?" என்று உன் வாயை அடைத்தவன் நான். பயம் எனக்குத்தான், உனக்கில்லை. நாளைக்கே சேர்ந்துவிடு.

போனோடு படங்களும் போய்விட்டன. நீயும் பாப்பாவும் இருக்கிற போட்டோ ஒன்றைத் தபாலில் அனுப்பு. எப்போதும்போல ஓரமாக ஒதுங்காதே, நடுவில் நில். கட்டிலுக்கு எதிரே சுவரில் இடம் காலியாக இருக்கிறது.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

பாப்பாவின் அப்பா