மணலுக்குள் ஒன்பது முட்டைகள்

பொழியூர்,
2-4-1997, புதன்.

என் அன்பு அத்தானுக்கு நந்தனா எழுதுவது.

இந்தக் கடிதம் உங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்து சேர இருபது நாளாவது ஆகும். அப்போதும் அங்கே ஈஸ்டர் வந்திருக்காது. ஒடெஸாவில் இருபத்தேழாம் தேதிதான் ஈஸ்டர் என்று நீங்கள் எழுதியபோது நான் நம்பவில்லை. ஒரே கர்த்தர் ஊருக்கு ஒரு தேதியில் உயிர்ப்பாரா என்று நினைத்தேன். இப்போது அது நல்லதாகவே தோன்றுகிறது. எங்களுக்கு முடிந்துபோன ஒரு நாள் உங்களுக்கு இன்னும் முன்னால் இருக்கிறது.

உங்கள் அப்பன் சுகம். கடல் இரண்டு வாரமாகச் சாந்தமாகக் கிடக்கிறது, நெத்திலி நிறைய. அங்கே கரையோரத்தில் கடல் கண்ணாடி போல உறைந்து கிடக்கிறது என்று நீங்கள் எழுதியதை அப்பனுக்கு வாசித்துக் காட்டினேன். அப்படியானால் மீனெல்லாம் எங்கே போகும் என்று கேட்டார். ஐஸ் மேலேதான் மிதக்கும், கீழே தண்ணீர் தண்ணீராகவே இருக்கும், மீன் அங்கே இருக்கும் என்று நீங்கள் எழுதியதையே சொன்னேன். அன்று முழுவதும் வலையை வைத்துக்கொண்டு தலைக்கு மேல் கூரை போட்ட கடலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கப்பல் அடுக்களையில் எண்ணெய் கொட்டி வலது கை வெந்ததையும், தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டியிருப்பதையும் அம்மைக்குச் சொல்லாதே என்று கேட்டிருந்தீர்கள். நான் அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. அம்மைக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று முழுவதும் எழுதுகிறேன். வாசித்த பிறகு கோபப்படுங்கள்.

இந்த வீட்டில் எனக்கு இது முதல் ஈஸ்டர். போன ஜூனில் பாறசாலை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணக் கையெழுத்துப் போட்டு வந்தபோது அம்மை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் அக்டோபரில் கப்பல் ஏறிய பிறகு உங்கள் கடிதங்கள்தான் எங்களுக்குள் பேச்சாக இருந்தன. தபால்காரர் வந்ததும் அம்மை கை கழுவிவிட்டு வந்து எதிரே உட்காருவார்கள். நான் வாசிப்பேன். முடிந்ததும் கடிதத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் அப்படி என்னதான் பார்க்கிறார்களோ என்று நான் நினைத்ததுண்டு.

குருத்தோலை ஞாயிறு நன்றாகக் கழிந்தது. ஓலையில் குருசு மடக்க உங்கள் அக்கா ரினி சொல்லித்தந்தாள். தறிக்காரன் வீட்டில் பிறந்த விரல் அல்லவா, சீக்கிரம் பிடித்துக்கொண்டது. குருசு மடக்கி முடித்து, மிச்ச ஓலையில் நாலு இழை பின்னி ஒரு மீனும் செய்தேன். அம்மை அதையும் எடுத்து வாசல் நிலையில் குருசுக்குப் பக்கத்தில் செருகினார்கள். வியாழக்கிழமை, கர்த்தரின் கடைசி விருந்தை நினைத்து அவிக்கிற பெசகா அப்பத்தை அப்பன் பிட்டுக் கொடுத்தார். என் பங்கை அம்மையே தேங்காய்ப்பாலில் தொட்டு என் கையில் வைத்தார்கள். ஞானஸ்நானம் எடுக்காதவளுக்கு உண்டா இல்லையா என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். வெள்ளிக்கிழமை கஞ்சியும் பயறும்.

இதற்கிடையே நான் ரகசியமாக ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன். உங்களுக்குச் சோறூட்டுகிற ஹன்னா என்கிற அம்மாள் வார்டில் ஒவ்வொருவருக்கும் முட்டையில் படம் வரைந்து தருகிறாள் என்று எழுதினீர்களே, அதை வாசித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கத்திலும் அந்த முட்டைகள்தான். மெழுகால் கோடு போட்டுச் சாயத்தில் முக்கினால் மெழுகுக்கு அடியில் பழைய நிறம் அப்படியே நிற்கும் என்பது எங்கள் தெருவில் சாயம் பார்த்து வளர்ந்தவளுக்கு உடனே புரிந்தது. ஒன்பது வாத்து முட்டை வாங்கி அவித்தேன். ஈர்க்கிலில் குண்டூசியைச் செருகி, உருகிய மெழுகுதிரியில் தொட்டுத் தொட்டுப் புள்ளி வைத்தேன். மஞ்சள் கரைத்த தண்ணீரில் முதல் முக்கு. மறுபடி மெழுகு. பிறகு பதிமுகக் கட்டைச் சீவல் கொதிக்கவைத்து ஆறிய சிவப்புத் தண்ணீரில். கடைசியில் விளக்குக்கு மேலே காட்டி மெழுகைத் துடைத்தபோது, மங்கலான சிவப்புக்குள்ளிருந்து வெள்ளைப் புள்ளிகளும் மஞ்சள் கோடுகளும் ஒன்றொன்றாக வெளியே வந்தன. சாயம் பிடிக்க வினிகர் சேர்ப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இதற்கு முன்னால், பார்ப்போமே என்று ஒரு பச்சை முட்டையை வினிகரிலேயே இரண்டு நாள் போட்டு வைத்தேன். ஓடு முழுவதும் கரைந்து, வெறும் தோலோடு பந்து போல என் உள்ளங்கையில் கிடந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மஞ்சள் கரு நிலா மாதிரி மெதுவாக அசைந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்றே தெரியாது.

ஒரு முட்டையில் மீன் வரைந்தேன். ஒன்றில் நட்சத்திரம், ஒன்றில் சீப்பு. பெரிய முட்டையில் உங்கள் பெயரின் முதல் எழுத்தை எழுதி அதைச் சுற்றிக் கொடி வரைந்தேன். அந்தப் பக்கத்து ஊர்களில் ஈஸ்டருக்கு முட்டைகளை ஒளித்து வைத்துப் பிள்ளைகளைத் தேடவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். ரினியும் அவள் இரண்டு பெண்மக்களும் சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார்கள். ஞாயிறு காலையில் தேடட்டும் என்று முற்றத்தைச் சுற்றி ஒன்பதையும் வைத்தேன். காக்கை கொத்திவிடும் என்று ஒவ்வொன்றையும் மணலால் மூடினேன்.

நம் ஊரில் முட்டையில் எழுதி ஒரு வீட்டு மண்ணில் புதைத்தால் அதற்கு என்ன பெயர் என்பது அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவே இல்லை, அத்தான்.

அன்று மத்தியானமே அம்மை முற்றம் பெருக்கினார்கள். முதலில் அகப்பட்டது உங்கள் எழுத்துப் போட்ட முட்டை. எழுத்துத் தெரியாவிட்டாலும் பிள்ளையின் பெயர் தொடங்குகிற எழுத்து எந்த அம்மைக்கும் தெரியும் போலிருக்கிறது. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக் கூடோத்திரம், செய்வினை என்றாள். ஒரு ஆளை முடக்கிப் போடுகிறதற்கு வைக்கிறதாக்கும் என்றும் சொன்னாள். நான் ஓடிவந்து சொல்வதற்குள் வீட்டிலிருந்த எல்லாரும் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள்.

அம்மை என்னைப் பார்த்து, "இது உனக்க வேலையா?" என்று கேட்டார்கள்.

ஆமாம் என்றேன். இது விளையாட்டு, பிள்ளைகளுக்காக, வெளிநாட்டு வழக்கம், அவர்தான் கடிதத்தில் எழுதினார் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மை முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு மெதுவாகச் சொன்னார்கள்: "அவன் எழுதினான்னா, நீ வாசிச்சப்ப எனக்க செவியில ஏன் விழல்ல?"

எப்படி விழும்? ஹன்னாவையும் முட்டையையும் பற்றி நீங்கள் எழுதிய அதே பக்கத்தில்தானே ஆஸ்பத்திரியும் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் வாசிக்காமல் தாண்டியிருந்தேன். அந்தக் கடிதத்தை ரினியிடம் கொடு, அவள் வாசிக்கட்டும் என்றார்கள் அம்மை. ரினியும் கையை நீட்டினாள். கொடுத்திருந்தால் அந்த நிமிடமே எல்லாம் தீர்ந்திருக்கும். நீங்கள் இடது கையால் கஷ்டப்பட்டு எழுதிய அந்தச் சின்ன வேண்டுகோள்தான் என் கண்ணில் நின்றது. தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அம்மை முற்றம் முழுவதும் தேடி ஒன்பதையும் எடுத்து, ஒரு சட்டியில் போட்டு, செய்வினை முறிய உப்பைக் கொட்டி மூடி வைத்தார்கள். வட்டயப்பத்துக்கு மாவு கலக்க நான் போனபோது அடுக்களை வாசலில் ரினி வழிமறித்து, அம்மை வேண்டாம் என்கிறாள் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். ராத்திரி எல்லாரும் உயிர்ப்புப் பூசைக்குப் போனார்கள். நான் வீட்டில் இருந்தேன். இந்த வீட்டிலும் இடமில்லை, பாலராமபுரத்தில் என் அப்பா வீட்டிலும் இல்லை என்று அப்போது நினைத்தேன். மறைக்காமல் எழுதுகிறேன்.

கள்ளு ஊற்றிக் கலக்கிய மாவை அந்தச் சஞ்சலத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஈஸ்டர் காலையில் அது பொங்கிப் பானையை விட்டு இறங்கி, தரையெல்லாம் நுரைத்துக் கிடந்தது. கள்ளுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மூச்சுவிடுவதால்தான் மாவு பொங்குகிறது என்று ஒருமுறை எழுதினீர்களே, அது ஞாபகம் வந்தது. வீட்டில் சத்தமாக மூச்சுவிட்டது அது ஒன்றுதான். மிச்ச மாவை அம்மை அவித்தார்கள். ஒரே புளிப்பு. கோழிக்கறியோடு அப்பன் அதையும் முகம் சுளிக்காமல் நாலு துண்டு தின்றார். அம்மை சாப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் நான் கரையில் போய் உட்கார்ந்தேன். மார்ச் கடைசியில் வால்நட்சத்திரம் அந்திநேரத்தில் வடமேற்கே வரும் என்று நீங்கள் எழுதிய இடத்தில், விழிஞ்ஞம் கலங்கரை விளக்குக்கு மேலே, அது நின்றது. தறிப் பாவிலிருந்து ஒரு நூலை உருவி வானத்தில் வைத்தது போல இருந்தது. அலைச் சத்தம்கூடத் தூரத்தில் கேட்பது போலத் தோன்றியது. எனக்கு நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. ஒடெஸாவின் ஜன்னலும் பொழியூரின் மணலும் ஒரே இடம் என்பது போல ஒரு மயக்கம்.

யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அம்மை.

"அவனுக்க வலது கைக்கு என்ன பற்றிச்சு?" என்று கேட்டார்கள்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அம்மை கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்: "எனக்கு எழுத்து தெரியாது, பெண்ணே. வலை தெரியும். எடங்கையன் போட்ட முடிச்சு எதிர்ப்பக்கம் சாயும். மூணு கடிதமாட்டு அவனுக்க எழுத்து எதிர்ப்பக்கம் சாயுது."

மாசிமாதத்திலிருந்தே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அத்தான். நான் சொல்வேன் சொல்வேன் என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சொல்லவில்லை. கடைசியில் மண்ணுக்குள்ளிருந்து மகன் பெயர் எழுதிய முட்டை வந்தால் ஒரு தாய் வேறு என்ன நினைப்பாள்?

எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல் ஆடியது, எண்ணெய், தோல், ஹன்னா, எல்லாம். அம்மை அழவில்லை. விரலில் உணர்ச்சி உண்டா, கரண்டி பிடிக்க முடியுமா, அந்தப் பெண்பிள்ளை என்ன ஊட்டுகிறாள், சூடாகக் கொடுக்கிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன். பிறகு மேலே பார்த்து, வால்நட்சத்திரம் கேடு என்று ஊரில் சொல்கிறார்களே என்றார்கள். அது பனியும் தூசியும்தான், நாலாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருமுறை வந்துபோனது, நம்மைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது என்று நீங்கள் எழுதியதைச் சொன்னேன். அம்மை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவனும் இத பாப்பானா?"

அங்கே மேகம் இல்லாவிட்டால் பார்ப்பார் என்றேன். அப்போதுதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். வா, நேற்று முதல் ஒன்றும் தின்னவில்லையே நீ என்று சொல்லி நடந்தார்கள். அடுக்களையில் எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் புளித்த அப்பத்தை ஒரே தட்டில் வைத்தார்கள்.

திங்கட்கிழமை பிள்ளைகள் முட்டைகளைத் தேடினார்கள். அம்மைதான் உப்பைத் தட்டித் துடைத்துத் திரும்ப ஒளித்து வைத்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி, எனக்க மோன் சொல்லிவிட்ட விளையாட்டாக்கும் என்று இரண்டு தடவை சத்தமாகச் சொன்னார்கள்.

இதுவரை எழுதியதை இப்போது அம்மைக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வரியும் தாண்டவில்லை. உங்களுக்கு எழுத அவர்கள் சொன்னது இது: அங்கே ஈஸ்டர் அன்று அந்த ஹன்னாவிடம், உன் தலையில் ஒருமுறை கை வைக்கச் சொல்லு. அது அம்மைக்க கை என்று நினைத்துக்கோ. கப்பல் போனால் போகட்டும். ஒரு கை மதி, வீட்டுக்கு வந்தால் மதி, அது போதும்.

அம்மை மாவு அரைக்கப் போய்விட்டார்கள். இனி எழுதுவதை வாசித்துக் காட்டப் போவதில்லை.

நான் வாசிக்காமல் தாண்டிய அந்தப் பக்கத்தின் அடியில், கை சரியாகாவிட்டால் நீ பாலராமபுரத்துக்கே திரும்பிப் போய்விடு, உன் வாழ்க்கையை என்னோடு கட்டிப்போட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அம்மையிடம் எல்லாம் சொன்னேன், அதை மட்டும் சொல்லவில்லை. ரினியிடம் கடிதத்தைக் கொடுக்காததற்கும் பாதிக் காரணம் அதுதான். அந்த வரியை நீங்கள் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். அடுத்த கடிதம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, உங்கள் கையாலேயே எழுதுங்கள். ஆனால் அதில் இந்த வீட்டில் நின்று உரக்க வாசிக்க முடியாத எதுவும் இருக்கக் கூடாது. உங்கள் ஈஸ்டர் நல்லபடியாக விடியட்டும்.

என்றும் உங்கள்,
நந்தனா